வரம்புக்குள் கண்ணீர்

மனித நாகரிகம் முதிர்ந்த நாள் எதுவென்று கேட்டால், கண்ணீரைத் தொழிற்சாலையில் தயாரிக்க ஆரம்பித்த நாள் என்பேன். அதற்கு முன்னால் அவரவர் கண்ணீரை அவரவரே சுரந்துகொள்ள வேண்டிய பரிதாப நிலை இருந்தது. நான் அப்படிப்பட்ட ஒரு தொழிற்சாலையில் தர ஆவண அதிகாரி. கண் வறண்டுபோனவர்களுக்குச் சொட்டு மருந்து செய்கிறோம். பெட்டியின் மேல் 'செயற்கைக் கண்ணீர்' என்று அச்சடித்திருக்கும். அலுவலகத்தில் புழங்கும் மற்ற கண்ணீருக்கு அப்படி அச்சடிக்கும் நேர்மை கிடையாது.

மருந்தின் சூட்சுமத்தை எனக்கு விளக்கியவர் பரிசோதனை அறையில் இருந்த பாகு அக்கா. திரவத்துக்குள் ஒரு தண்டைச் சுழலவிட்டு, அது எவ்வளவு கெட்டி என்று அளப்பது அவர் வேலை. பதினெட்டு வருஷம் அதையே செய்ததில், பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியிருந்தது. தண்ணீரில் கரைந்திருப்பவை நூல் போல நீண்ட மூலக்கூறுகள். நூல் நெடுக ஒரே வகை மின்னூட்டம் என்பார். ஒரே வகை என்பதால் ஒன்றுக்கொன்று ஆகாது, பங்காளிகள் மாதிரி. விலகி விலகி நூல் விறைத்து நீண்டுகொள்ளும், தண்ணீர் கெட்டியாகும். இமை கொட்டும்போது நூல்களெல்லாம் ஒரே திசையில் படிந்து வழுக்கிக் கொடுக்கும். இமை நின்றதும் பழையபடி கெட்டி. மேலே அழுத்தம் வந்தால் வழுக்குவதும் போனால் விறைப்பதும் எங்கள் அலுவலகத்தில் பலருக்குக் கைவந்த கலைதான். அதனால் யார் கண்ணுக்காவது நல்லது நடந்தது மருந்தில் மட்டும்.

மருந்துக்கு எதிரி உப்பு. அளவாக இருந்தால் கண் ஏற்றுக்கொள்ளும். கூடிப்போனால் மின்னூட்டத்தின் முறுக்கு அடங்கி, நூல் சுருண்டு, மருந்து வெறும் உப்புத் தண்ணீராகிவிடும்.

அந்த வருஷம் நாங்கள் 'காகிதமில்லா ஆலை' ஆனோம். பெருமை என்னுடையது. அதுவரை கலவைத் தொட்டியில் உப்புப் போட்டதும் பக்கத்தில் தொங்கும் தாளில் பேனாவால் ஒரு கோடு இழுப்பார்கள். அந்த அநாகரிகத்தை ஒழித்து எல்லாவற்றையும் கைப்பேசிக்குக் கொண்டுவந்தேன். ஒருநாள் முதல் ஷிப்ட் கலவைக்காரர் உப்பைப் போட்டுவிட்டு 'டிக்' அடித்தார். கைப்பேசித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது சுற்றட்டும் என்று அவர் வீட்டுக்குப் போனார். அடுத்து வந்தவரின் கைப்பேசி 'உப்பு: நிலுவை' என்றது. அவர் ஒழுக்கமான ஊழியர். அவரும் போட்டார்.

மறுநாள் காலை பாகு அக்கா அளந்து பார்த்துவிட்டு, இந்தத் தொகுதியை வெளியே அனுப்பக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார், காகிதத்தில். உடனே உயர்மட்டக் கூட்டம் கூடியது. பொது மேலாளர், விற்பனைத் தலைவர், அக்கா, நான். குறிப்பெடுக்கும் பொறுப்பும் எனக்கே.

"கெட்டி இருபது வரணும் சார். ஆறு வருது" என்றார் அக்கா. "தண்டை மெதுவாச் சுத்தினாலும் ஆறு, வேகமாச் சுத்தினாலும் ஆறு. வெறும் தண்ணி."

மேலாளர் ஆழ்ந்து யோசித்தார். "குறையறது நல்லதுதானேம்மா? எனக்குச் சர்க்கரை குறைஞ்சா டாக்டர் சந்தோஷப்படறாரு."

"இது கண்ணுல நிக்காது சார். எரியும். எரிஞ்சு கன்னத்துல வழிஞ்சுடும்."

அதுவரை கைப்பேசியில் மூழ்கியிருந்த விற்பனைத் தலைவர் தலைநிமிர்ந்தார். "கன்னத்துக்கே வருமா?" என்று மரியாதையோடு கேட்டார். நிஜக் கண்ணீர் கன்னத்தில்தான் வழிகிறது என்றும், சந்தையில் வேறு எவர் மருந்தும் அந்த இடத்தை எட்டியதில்லை என்றும் சபைக்கு எடுத்துரைத்தார்.

அக்கா ஒரு புட்டியை மேஜையில் வைத்தார். ஆளுக்கு ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னார். மேலாளருக்கு இன்னொரு கூட்டம் நினைவுக்கு வந்தது. விற்பனைத் தலைவர் தாம் விற்பனைப் பிரிவு என்பதை நினைவூட்டினார். மிஞ்சியது நான். விட்டுக்கொண்டேன். மிளகாய்க் கையால் தேய்த்த மாதிரி எரிந்தது. தாடை வரை வழிந்தது. மேலாளர் சொல்லச் சொல்ல, திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினேன்: 'நிறுவனத்தின் சாதனை கண்டு தர ஆவண அதிகாரி கண்கலங்கினார்.'

பிறகு மேலாளர், பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை என்று வரம்பு போட்டது யார் என்று விசாரித்தார். நான்தான் என்றேன்.

"நீங்க எழுதினதை நீங்க திருத்தலாமே? நாப்பதாயிரம் புட்டிய சாக்கடையிலயா ஊத்தறது?"

அறிவியல் வளரும்போது எண்கள் பிடிவாதம் பிடிக்கக்கூடாது. 'ஐந்திலிருந்து இருபத்தைந்து வரை' என்று திருத்தினேன். அந்த நிமிஷமே நாற்பதாயிரம் புட்டியும் தேறிவிட்டன. அக்கா மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

"ஏம்மா, இப்ப வரம்புக்குள்ளதானே இருக்கு?" என்றார் மேலாளர்.

"வரம்பு பேப்பருக்கு இல்ல சார். கண்ணுக்கு."

அவர் இடத்தில் நான் கையெழுத்திட்டேன். பதினெட்டு வருஷ உழைப்பைக் கௌரவிக்கும் விதமாக அக்காவைப் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அறையைக் காலி செய்த அன்று என்னிடம் வந்து, "தம்பி, உங்க கண்ணு சரியாப் போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்று மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார். ஏதாவது திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

'கன்னம் தொடும் கண்ணீர்' என்ற விளம்பரத்தோடு மருந்து போன இடமெல்லாம் விற்றது. இரண்டாவது மாதம் கடிதங்கள் வந்தன. பதில் போடுவது என் துறை. கண் எரிவது கண் விழிப்போடு இருப்பதன் அறிகுறி என்று பதினொரு பேருக்கு எழுதினேன். பன்னிரண்டாவது கடிதம் ஒரு தையல்கார அம்மாளுடையது. சொட்டு விட்டால் எரிகிறது, நிற்காமல் வழிந்து வாடிக்கையாளர் துணியில் விழுகிறது, ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, கொடுத்த துணியைத் தைக்காமலே திரும்ப வாங்கிப் போகிறார்கள் என்று எழுதியிருந்தார். குறைகூட அவர் சொல்லவில்லை. 'நான் விடும் விதம் தப்பா, மருந்து தப்பா என்று மட்டும் தெரிவிக்கவும்' என்று முடித்திருந்தார்.

அவருக்குப் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. 'மருந்து வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று எழுதினேன். அது முழு உண்மை. வரம்பு மீறியது யார் என்று எழுதப் பதில் படிவத்தில் கட்டம் இல்லை. படிவத்தை வடிவமைத்தவன் நான்.