முழு பவரில் ஒரு படிப்பான்

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் எழுந்து போய்த் தேடுவது என்னும் காட்டுமிராண்டிப் பழக்கம் மனித இனத்தை ஆதிகாலம் தொட்டுப் பீடித்திருந்தது. அதை அடியோடு ஒழித்த பெருமை ஒரு மருத்துவமனை நிர்வாகியையே சேரும். இரண்டாம் மாடியின் ஹெட் சிஸ்டரே இதை ஒப்புக்கொண்டு கைதட்டினார். தட்டாமல் என்ன செய்வார், தொடக்க விழாவில் அவரை முதல் வரிசையில் அல்லவா உட்கார வைத்திருந்தார்கள்.

திட்டம் எளிமையானது. சக்கர நாற்காலி, மெஷின், நர்ஸ், நோயாளி என்று மருத்துவமனையில் நகரக்கூடிய எல்லாவற்றுக்கும் ஒரு டேக், அதாவது அடையாள வில்லை. ஒவ்வொரு வார்டு வாசலுக்கு மேலும் ஒரு ரீடர். ரீடர் கம்பியில்லாமலே டேக்கைப் படித்துக் கீழ்த்தளத்துக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். அங்கே திரையில், படித்த பெயருக்கு எதிரே 'இருப்பு' என்று பச்சையாக ஒளிரும். 'ரீடர்' என்ற சொல் மட்டும் நிர்வாகியின் மொழிப்பற்றை உறுத்தியது. நெடுநேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு 'படிப்பான்' என்று பெயர் சூட்டினார்.

ஆண்கள் வார்டின் முதல் கட்டிலில் படுத்திருந்த கணக்கு வாத்தியார் வாசலை அண்ணாந்து பார்த்தார்.

"படிப்பான், படிப்பான்னு நானும் சர்வீஸ் பூரா பெத்தவங்ககிட்ட சொல்லியிருக்கேன் சிஸ்டர். ஒருத்தனும் படிக்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் திணறலாகிவிட்டது. அவருக்கு நெஞ்சில் சளி. அடைத்துக்கொண்டால் மூச்சு நின்றுவிடும், உடனே சளி உறிஞ்சும் மெஷினை வைத்து எடுத்தாக வேண்டும். ஹெட் சிஸ்டர் எடுத்தார்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தாத்தானே" என்று வாத்தியாரின் மனைவி அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் அந்தக் கட்டிலோடு ஒட்டிக்கொண்டே கிடந்தார் அந்த அம்மாள்.

ஏணியின் மேல் டெக்னீஷியன் நின்று படிப்பானைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஏணியின் கீழ் நிர்வாகி.

"சார், பவரைக் குறைச்சு வைக்கிறேன். முழுசா வெச்சா தடுப்பைத் தாண்டிப் பக்கத்து வார்டையும் சேர்த்துப் படிச்சிடும்."

"படிக்கட்டுமே! நிறைய படிக்கிறவனை யாராவது தடுப்பாங்களா?"

"இல்ல சார், ஒரே டேக்கை மூணு ரீடரும்..."

"நம்மகிட்ட எதுவும் அரைகுறையா இருக்கக் கூடாது. முழுசா வைங்க."

டெக்னீஷியன் அன்றைக்கு வேறொரு ஆஸ்பத்திரியிலும் ஏணி ஏற வேண்டியிருந்தது. முழுசாக வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுகணமே வளம் கொழித்தது. பலகைத் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு, எலும்பு வார்டு ஆகிய மூன்றிலும் வார்டுக்கு ஒரு நர்ஸ், ஒரு சளி மெஷின் என்றுதான் அதுவரை இருந்துவந்தது. இப்போதோ திரையில் வார்டுக்கு மும்மூன்று! நிர்வாகிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு பேரை வெச்சுக்கிட்டா இத்தனை நாளா ஆள் பத்தலைன்னு அழுதீங்க?"

'உபரி' உடனடியாக இனங்காணப்பட்டது. இரண்டு நர்சுகளும் இரண்டு மெஷின்களும் ஊருக்கு வெளியே திறந்த புதுக் கிளைக்கு அனுப்பப்பட்டார்கள். மிஞ்சியது ஹெட் சிஸ்டரும் ஒரு மெஷினும். திரையில் வார்டுக்கு ஒரு நர்ஸ், வார்டுக்கு ஒரு மெஷின். கச்சிதம்.

ஹெட் சிஸ்டர் நிர்வாகியின் அறைக்குப் படையெடுத்தார்.

"சார், மாடி பூரா நான் ஒருத்திதான் இருக்கேன்."

"மூணு வார்டுலயும் இருக்கீங்களே சிஸ்டர். பச்சையா தெரியுதே."

"திரையில இருக்கேன் சார். வார்டுல இல்ல."

"தன்னடக்கம் வேண்டாம். உங்க உழைப்பு எனக்குத் தெரியும்."

கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இனி பணியாளர் எவரும் எதையும் தேடக் கூடாது. தேடுவது அமைப்பின் மீதான 'நம்பிக்கையின்மை'யாகக் கருதப்படும். வேண்டியதைக் கட்டுப்பாட்டு அறையில் கேட்டுப் பெறவும். ஹெட் சிஸ்டர் அதைப் படித்து, தலையில் அடித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.

ஒரு மத்தியானம் அவர் எலும்பு வார்டின் கோடியில் ஒருவருக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது வாத்தியாரின் மனைவி ஓடிவந்தார்.

"சிஸ்டர்! அவருக்கு அடைச்சிருச்சு! நீலமா ஆயிட்டாரு!"

கட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். காலையில் கட்டில் பக்கத்தில் வைத்த மெஷின் அங்கே இல்லை. தரை துடைத்தவர்கள் எங்கேயோ நகர்த்தியிருந்தார்கள். போனை எடுத்தார்.

"சளி மெஷின் எங்க இருக்கு? சீக்கிரம் சொல்லுங்க!"

"ஆண்கள் வார்டுலயே இருக்கு மேடம்."

"இங்க இல்ல!"

"இருக்கு மேடம். நல்லா பச்சையா காட்டுது. கட்டிலுக்கு அடியில பாருங்க."

பார்த்தார். கட்டிலுக்கு அடியில் வாத்தியாரின் செருப்புதான் இருந்தது. போனைப் போட்டுவிட்டு, சுற்றறிக்கையை மீறி, ஒரு காட்டுமிராண்டியைப் போலத் தேடினார். பெண்கள் வார்டில், கதவுக்குப் பின்னால் கிடைத்தது. தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அந்த அம்மாள் வாத்தியாரின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். தடவி இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று ஹெட் சிஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. வெறும் கையோடு ஓடிவந்த தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

விசாரணை மிகுந்த கண்ணியத்தோடு நடந்தது. நிர்வாகி இரண்டு நிமிடம் எழுந்து நின்றார், பிறகு திரையைத் திருப்பி வைத்தார்.

"பதிவுப்படி அந்த நேரம் நீங்க ஆண்கள் வார்டுலதான் இருந்திருக்கீங்க. பக்கத்துலயே நின்னுக்கிட்டு என்ன சிஸ்டர் பண்ணிட்டிருந்தீங்க?"

"நான் எலும்பு வார்டுல இருந்தேன் சார்."

"அங்கயும் இருந்தீங்க. அதை யாரு மறுத்தா?"

ஹெட் சிஸ்டர் அழக் கூடாது என்று நினைத்தார். முடியவில்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த வாத்தியாரின் மனைவி எழுந்தார்.

"அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. அவரு பக்கத்துல யாருமே இல்ல. நான் ஒருத்திதான் இருந்தேன்."

நிர்வாகி பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே இரக்கமாக இருந்தது.

"உங்களுக்கு டேக் இல்லையேம்மா. பதிவுப்படி பார்த்தா, நீங்கதான் அங்க இல்ல. இதோ பாருங்க. நர்ஸ், இருப்பு. மெஷின், இருப்பு. எல்லாமே இருந்திருக்கு."

அந்த அம்மாள் திரைக்கு அருகே போய்ப் பச்சை எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சரிங்க. எல்லாரும் இருந்தீங்க, எல்லாமும் இருந்துது. அப்புறம் அவரு மட்டும் ஏன் சார் இல்ல?"