புறா கழுத்து ராணியும் நான் பார்க்காத எபிசோடுகளும்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதுவரை நான் மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்த சரித்திரக் காதல் தொடர்களில் பாதியைக்கூட நான் முடிவு வரை பார்த்ததில்லை. முதல் ஐந்தாறு எபிசோடு பார்ப்பேன். ராணி மாடத்தில் வந்து நிற்பாள். பின்னால் பத்து முழத்துக்குப் பட்டு இழுபடும். உடனே எனக்கு நாக்கு அரிக்க ஆரம்பித்துவிடும், யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே டாக்டருக்கு ஒரு தொடரைச் சொல்லிவிட்டு வந்தவன் நான். (அவர் பாவம், பார்த்தும் விட்டார். அடுத்த பல்லுக்கு நான் வேறு டாக்டரிடம் போகவேண்டியதாயிற்று.)

இதற்கெல்லாம் தொழில் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் வேலை. நான் வரைவது அட்டையில் துளையாகி, தறிக்கு மேலே ஏறி, புடவையில் புட்டாப் பூவாக இறங்கும். ஆகவே நான் தொடர் பார்க்கவில்லை, துணி பார்க்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். வீட்டிலும் யாரும் கதை பார்க்கிறவர்கள் இல்லை. ஒருமுறை இளவரசன் வயிற்றில் கத்தி இறங்கி அவன் துடித்துக்கொண்டிருக்கும்போது, எங்கள் ஏகாம்பரம் மாமா, "கத்தி போன எடத்துல இழை பிரியுது பாரு, அது பட்டே இல்ல, நைலக்ஸு" என்றார். அதோடு அந்த இளவரசன் செத்தானா பிழைத்தானா என்பதில் யாருக்கும் அக்கறை இல்லாமல் போய்விட்டது.

மாமா அம்மாவின் தம்பி. நெசவாளி. நான் போடும் டிசைன்களை நெய்து, நெய்துகொண்டே திட்டுகிறவர்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் என் தங்கை மேகலாவைப் பெண் பார்க்கத் தாமலில் இருந்து வந்தார்கள். மாப்பிள்ளை சிவா ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிறவன். அவனுடைய அம்மா சரோஜா அத்தை. கணவர் இறந்து பதினைந்து வருடம், இரண்டு ஏக்கரைத் தனியாளாகப் பயிர் வைத்து, ஒரே பிள்ளையைப் படிக்கவைத்தவர். பஜ்ஜி சாப்பிட்டு முடித்த பிறகு எல்லோரும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. (தாங்கியிருக்கலாம். எத்தனையோ பேர் தாங்குகிறார்கள்.)

"அத்தை, சீரியல் பாப்பீங்களா?" என்றேன்.

"டிவியில வர்றது எல்லாம் பாத்து அலுத்துப் போச்சுப்பா. ஒரே மாமியார் மருமக சண்ட."

இது போதாதா எனக்கு? கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில் எடுத்து, தமிழில் குரல் கொடுத்து, வாரம் இரண்டு எபிசோடாக விட்டுக்கொண்டிருந்தார்கள் 'மாதுளை மாளிகை' என்று ஒன்றை. அவருடைய போனை வாங்கி நானே இறக்கிக் கொடுத்தேன். கூடவே இன்னும் மூன்று தொடர்களின் பெயரையும் சொன்னேன். மேகலா சமையலறை வாசலில் நின்று கண்ணாலேயே என்னை எரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே வாரத்தில் அத்தை அதுவரை வந்த எபிசோடுகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டார். அதற்கப்புறம் தினமும் எனக்குப் போன். நிச்சயதார்த்தத்துக்கு எத்தனை பேர் என்று அம்மாவிடம் கேட்க வேண்டியவர், அந்த மந்திரி ஏன் கதவோரம் நிற்கிறான் என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சம்பந்தி வீட்டையே கைக்குள் போட்டுக்கொண்டதாக நினைத்துத் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஒருநாள் கேட்டார்:

"தம்பி, முடிவு நல்லபடியா இருக்குமா? அழுவுற கதைன்னா இப்பவே நிறுத்திடறேன். நான் அழுதது போதும்பா."

"நல்லா இருக்கும் அத்தை. நான் முழுசா பாத்துட்டேன்."

"எப்பிடிப்பா? இன்னும் பாதிதான் வந்துக்கினு இருக்குதுன்னு சிவா சொன்னானே."

"ஒரிஜினல் பாஷையில பாத்தேன் அத்தை. கீழ எழுத்து ஓடும்."

அந்தப் பாஷையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆறாவது எபிசோடோடு நான் வேறு ராணிக்குத் தாவியிருந்தேன். இவர் போன் செய்யும்போது, "ஆமாம் அத்தை, அவன் அப்படித்தான்" என்று பொதுவாகச் சொல்லியே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

இத்தோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. தாலி கட்டும்போது கட்டிக்கொள்ளும் கூறைப் புடவையை எடுத்துக் கொடுப்பது மாப்பிள்ளை வீட்டு வழக்கம். பெண் வீடே தறிக்காரர் வீடு என்பதால், நீங்களே நெய்யுங்கள், கலரும் டிசைனும் நான் சொல்கிறேன் என்றார் அத்தை. அம்மா அரக்குக் கலரை மனதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அத்தை ஒரு படத்தை அனுப்பினார். ஏரிக்கரையில் அந்த ராணி இளவரசனுக்காக நிற்கும் காட்சி. உடம்பெல்லாம் புறா கழுத்துக் கலர். தங்கம் ஒரு பொட்டுகூட இல்லை, எல்லாம் வெள்ளி ஜரிகை. உடல் முழுக்கச் சின்னச் சின்ன மொக்குகள். 'என் மருமவ இந்த மாதிரி நிக்கணும்' என்று குரல் செய்தியும் வந்தது.

அம்மா முகம் சுண்டிவிட்டது. நான்தான் பேசிச் சரிக்கட்டினேன். உலகமே இப்போது இந்தக் கலரைத்தான் கட்டுகிறது என்றேன். (உலகத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வேலூரைத் தாண்டியதில்லை.)

டிசைனைப் பார்த்து மாமா மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்டா, மொக்கு எல்லாம் தலைகீழா தொங்குது?"

"அந்தக் காலத்து அரண்மனை ஃபேஷன் மாமா."

"கல்யாணப் புடவையில பூ மேலதான்டா பாக்கும்."

"நீங்க நெய்யுங்க மாமா."

மேகலா வேறு விதமாகக் கேட்டாள். "ணா, நெஜமா கத முடிவு உனக்குத் தெரியுமா? அவ பாட்டுக்கு வெசத்தக் குடிச்சிட்டு சாவப் போறா."

"காதல் கதைம்மா. சுபம்தான்."

தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்கு, அதாவது பாவுக்குச் சாயம் போட்டாயிற்று. இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு பாவு என்பது ஒரு புடவைக்கானது அல்ல. தறியில் ஏற்றினால் அந்த நீளத்துக்கு மூன்று புடவை வரும், மூன்றும் அதே கலர்தான். பிடிக்கவில்லை என்று பாதியில் அறுத்துப் போட எந்த நெசவாளிக்கும் கை வராது. முதல் புடவை கூறைக்கு, மற்ற இரண்டும் கடைக்கு என்று மாமா கணக்குப் போட்டிருந்தார்.

முதல் புடவை தறியிலிருந்து இறங்கிய வாரம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், புது எபிசோடு வந்தது. ராணியின் பட்டு டிவியில் எப்படி இருக்கிறது, நம்முடையது எப்படி வந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்தோம். மாமா மடியில் புடவை. திரையில் ஒரு கிழத் தாதி புதிதாக வந்த பணிப்பெண்ணுக்கு அரண்மனை விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுத்தமான தமிழில், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள். ராணி முதலில் மூத்த இளவரசனை மணந்தவளாம். மணமான எட்டாம் நாள் அவன் போரில் இறந்துவிட்டானாம். அன்று முதல் இந்த நாட்டு வழக்கப்படி விதவைக் கோலத்தில் இருக்கிறாளாம். சாம்பல் நீலம், பொன் இல்லாத வெள்ளி, தலை கவிழ்ந்த மொட்டுகள்.

அம்மா எழுந்து போய் விபூதித் தட்டை எடுத்துவந்து மேகலா நெற்றியில் பூசினாள். மாமா மடியிலிருந்த புடவையை மெதுவாக ஸ்டூல் மேல் வைத்தார்.

"மொக்கு தொங்குதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

போன் அடித்தது. தாமலில் இருந்து அத்தை.

"தம்பி. பாத்தியா?"

"பாத்தேன் அத்தை."

"நீ முன்னாடியே முழுசா பாத்துட்டேன்னு சொன்னியே."

"ஆமாம் அத்தை."

"அப்ப இது தெரிஞ்சேதான் என் மருமவளுக்குக் கட்ட வுடப் பாத்தியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்த்தேன் என்றால், அவருடைய ஒரே பிள்ளைக்குத் தெரிந்தே கெட்டது நினைத்தவன் ஆகிறேன். பார்க்கவில்லை என்றால், இரண்டு மாதமாகத் தினமும் பொய் சொன்னவன் ஆகிறேன். என்னைப் போன்ற மேதைகள் இந்த மாதிரி நேரத்தில் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். "அது அவங்க ஊரு வழக்கம்தானே அத்தை, நமக்கு என்ன?" என்றேன்.

"தாலிய கழட்டி வெச்சவகிட்ட பேசுற, யோசிச்சுப் பேசு" என்றார். பிறகு, "ஞாயித்துக்கெழம வரேன். கல்யாணத்தப் பத்தி அப்ப பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

அந்த இரண்டு நாளும் மேகலா என்னிடம் பேசவில்லை, அழவும் இல்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. சிவாவோடு அவள் போனில் பேசும் சிரிப்புச் சத்தம் வீட்டில் நின்றுபோயிற்று. எனக்கு என் மேலேயே வெறுப்பாக வந்தது. பதினைந்து வருடம் தனியாக நின்ற ஒரு மனுஷி, அழுகிற கதை வேண்டாம் என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அதற்குக்கூட உண்மையான பதில் சொல்ல எனக்கு வக்கில்லை. அம்மா தன் பங்குக்கு, புடவையைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டினால் மொக்கு நிமிர்ந்துவிடாதா என்று மாமாவிடம் கேட்டாள். "அப்பிடிக் கட்டுனா உள்பக்கம் வெளிய தெரியும்கா" என்றார் அவர். சனிக்கிழமை முழுக்க எங்கள் வீட்டில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை வந்தார். காப்பியைத் தொடவில்லை. மேகலா என் முதுகில் ஒரு குத்து விட்டாள். நான் எழுந்து நின்றேன், பள்ளிக்கூடத்தில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு.

"அத்தை, நான் அதப் பாக்கவே இல்ல. ஆறு எபிசோடுதான் பாத்தேன்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப, அந்த யானை மேல சண்ட போடற இளவரசி?"

"மூணு எபிசோடு அத்தை."

"ரெண்டு ராஜா ஒரு ராணி?"

"ரெண்டு."

"மொளகு வியாபாரி பொண்ணு அரமனைக்குப் போறது? நல்லா இருக்குதுன்னு நீ சொன்னியேன்னு ஊருல பத்து பேர பாக்கச் சொன்னேனேப்பா."

"அது போஸ்டர் மட்டும்தான் பாத்தேன் அத்தை."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அது என்னா புடவன்னு உனக்குத் தெரியாது."

"சத்தியமா தெரியாது அத்தை."

"பொய்தான் சொன்ன."

"பொய்தான்."

"சரி. பொய் சொல்றவன் வீட்டுல பொண்ணு எடுக்கலாம். என் புள்ளைக்குக் கெட்டது நெனைக்கிறவன் வீட்டுலதான் எடுக்க முடியாது. ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு." சொல்லிவிட்டு ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார். மேகலா உள்ளே போய் அழுதாள், அப்போதுதான்.

புறப்படும்போது அந்தப் புடவையைக் காட்டச் சொன்னார். மாமா தயங்கித் தயங்கி எடுத்து வந்தார். அத்தை மடியில் பிரித்து வைத்து, மொக்குகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

"நல்லாதானே நெய்ஞ்சிருக்கீங்க அண்ணே. இத எனக்குக் குடுங்க."

"சம்மந்தி, அது எதுக்கு உங்களுக்கு" என்று அம்மா பதறினாள்.

"ஏன்? அந்த ராணி இதக் கட்டிக்கினுதானே ஏரிக்கரையில நின்னா. அவ அழகா இல்லியா?"

மாமா புடவையை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தார்.

மேகலா அரக்குக் கலரில்தான் கூறை கட்டினாள். அம்மா ஆசைப்பட்டது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் கணவரை இழந்தவர்கள் தாலி கட்டும் நேரத்தில் தூணோரமாக ஒதுங்கிக்கொள்வார்கள், பிள்ளையைப் பெற்றவளாக இருந்தாலும். சரோஜா அத்தை ஒதுங்கவில்லை. புறா கழுத்துக் கலரில் வெள்ளி ஜரிகை மின்ன, மணவறைக்குப் பக்கத்திலேயே நின்றார். கெட்டிமேளம் கொட்டும்போது அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போட்ட டிசைன்களில் வேறு எதுவும் அவ்வளவு நன்றாக வந்ததில்லை.

பாவில் மீதி இருந்த இரண்டு புடவைகளை, நான் மொக்கை நிமிர்த்தி மாற்றிப் போட்டுக் கொடுக்க, மாமா நெய்து முடித்தார். கடைக்காரர்கள் கலரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். ஒன்று அம்மாவுக்கு, இன்னொன்று பிறகு வந்த என் மனைவிக்கு. குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் இந்த மூன்று பேரும் வேண்டுமென்றே பேசி வைத்துக்கொண்டு மூன்றையும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். என் வாயால் வந்த வினையை வருடத்துக்கு நான்கு தடவை மூன்று உருப்படியாக நான் போட்டோ எடுக்கவேண்டியிருக்கிறது.

சிபாரிசு செய்யும் உரிமை என்னிடமிருந்து நிரந்தரமாகப் பிடுங்கப்பட்டுவிட்டது. பெண் பார்த்துவிட்டு வந்து பிடித்திருக்கிறது என்று நான் சொன்னபோது, "கடைசி எபிசோடு வரைக்கும் பாத்துட்டுதான் சொல்றியாணா?" என்று கேட்டாள் மேகலா. போன மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் யாரோ ஒரு தூரத்து உறவினரிடம், பாயசம் நன்றாக இருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு மரியாதைக்குச் சொன்னேன். நான்கு இலை தள்ளியிருந்து சரோஜா அத்தையின் குரல் வந்தது: "முழுசா குடிச்சிட்டியா தம்பி?" பந்தியே சிரித்தது.

அன்று கை கழுவும் இடத்தில், ஆறு வருடமாகக் கேட்க நினைத்ததை அவரிடம் கேட்டேன்.

"அத்தை, அந்த 'மாதுளை மாளிகை' கடைசியில என்னதான் ஆச்சு? அந்த ராணி மறுபடி கல்யாணம் பண்ணிக்கினாளா?"

அத்தை முந்தானையில் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். வெள்ளி ஜரிகை இன்னும் கறுக்கவில்லை.

"என்னக் கேக்கறியே தம்பி. நீதான் ஒரிஜினல் பாஷையிலேயே பாத்துட்டியே."