நாலாயிரத்து எண்ணூறில் காலிதா

கம்ப்யூட்டர் திரையில் காலிதா ஒரு சீரகம் அளவுக்குத்தான் இருந்தாள்.

“இவளப் பெருசாக்கும்மா” என்றார் ஹமீது சுல்தான்.

ராமநாதபுரத்து ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் ஜோதிகா பெரிதாக்கினாள். சீரகம் நாலைந்து வெள்ளைச் சதுரங்களாகப் பிரிந்தது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஹமீது சவூதிக்குக் கிளம்பிய அன்று, தொண்டி பஸ் ஸ்டாண்டில் எடுத்த படம். மச்சினன் சீனி முகம்மது கேமராவோடு வந்திருந்தான். “போறவுக போங்க, வழியனுப்ப நான் வரமாட்டேன்” என்று முறுக்கிக்கொண்ட பெண்டாட்டி காலிதா, மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை ‘நான் வரவே இல்லை’ என்றுதான் சாதித்தாள். ஆனால் படத்தில் அவர் முதுகுக்குப் பின்னால், தூரத்து மதிலோரம், அவள் போர்த்துகிற மாதிரியே ஒரு வெள்ளைத் துப்பட்டி! வந்துவிட்டு மறைக்கிறாள் கள்ளி என்று, அந்தப் புள்ளியைப் பார்த்துப் பார்த்தே மனுஷன் பாலைவனத்தில் காலத்தை ஓட்டினார். அந்தப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது, நெகடிவ்தான் மிச்சம். வீட்டில் அவள் முகமென்று இருந்தது ஆதார் அட்டையில் மட்டும். அதிலும் யாரையோ அடிக்கப் போகிறவளைப் போல முறைத்தாள். வழியனுப்ப வந்த அந்த முகத்தை ஒரு தரம் பார்த்துவிட மாட்டோமா என்று ஏங்கிப்போனார் ஹமீது.

“முன்னூறு டிபிஐ-ல, அதான் இஞ்சுக்கு முன்னூறு புள்ளில, ஸ்கேன் பண்ணிட்டேன் பாய். போட்டோவுக்கு அது போதும். நெகடிவ் தீப்பெட்டியவிடச் சின்னதுல்ல? நெறையப் புள்ளிய அள்ளுனாத்தான் பிரிண்ட்ல விரியும்.”

“அப்ப அள்ளும்மா!”

“நேரமாகும் பாய். போன்ல ஒரு ஆப் இருக்கு, முகத்தத் தெளிவாக்கிரும்.”

ஆக்கியது. லிப்ஸ்டிக் போட்ட ஒரு குமரி திரையில் சிரித்தாள். துணைக்கு வந்து பெஞ்சில் சோடா குடித்துக்கொண்டிருந்த காலிதாவின் தங்கை ரம்ஜான் பீவிக்குப் புரையேறியது.

“இது எங்க லாத்தா இல்ல!”

“யா அல்லா, இதத் தூக்கிட்டு வீட்டுக்குப் போனா எம் மகன் என்னம்மா நெனப்பான்?” என்றார் ஹமீது.

“இல்லாததக் கற்பனையாப் போட்டுரும் பாய் அது.”

“கற்பனை எங்கிட்டயே நெறையக் கெடக்கு. நீ உள்ளத எடு.”

ஜோதிகா நாலாயிரத்து எண்ணூறு டிபிஐ வைத்தாள். மெஷின் முக்கி முனகியது. கம்ப்யூட்டர் ரெண்டு தரம் நின்று போனது. கடைசியில் படம் வந்தது. ஹமீது திரையில் மூக்கு இடிக்க உட்கார்ந்தார். துப்பட்டி விரிந்தது. கால் தெரிந்தது. இன்னொரு கால் தெரிந்தது. அப்புறமும் இரண்டு தெரிந்தன.

“பாய்… ஆடு” என்றாள் ஜோதிகா மெதுவாக.

தாடியோடு நின்றது. முப்பது வருஷமாக அதை நினைத்துத்தான் உருகியிருக்கிறார்.

“அப்ப நெசமாவே வரலையா அவ?” ஹமீது பின்னுக்குச் சாய்ந்தார். “அழுகறது தெரியக் கூடாதுன்னு கூலிங் கிளாஸ மாட்டிக்கிட்டு, உள்ளுக்குள்ள கண்ண இறுக்க மூடிக்கிட்டுல்ல நின்னேன். எதுக்க கேமராவோட நின்ன ஒங்க அண்ணன் சீனி முகம்மதக்கூடப் பாக்கல.”

ரம்ஜான் பீவி சோடாப் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

“சொல்லமாட்டேன்னு லாத்தாகிட்ட சத்தியம் பண்ணிருந்தேன். ஆட்ட விடுங்க மச்சான், அந்தக் கூலிங் கிளாஸப் பெருசாக்கச் சொல்லுங்க, எதுக்க நின்ன ஆளு அதுல தெரியும். அண்ணன்ட்ட கேமராவப் புடுங்கிப் படம் புடிச்சதே லாத்தாதான்!”