ஏலத்துக்குப் போன முத்துச்சிப்பி

தூத்துக்குடி,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனன் நேசக்குமாருக்கு, உன் அத்தான் தேவபிரசாதம் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. மஸ்கட்டில் நீயும் ஷெர்லியும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள் என்று விசுவாசிக்கிறேன். இங்கே உன் அக்கா ஞானதீபம் சுகம், உன் மருமகள் ஈவாஞ்சலின் சுகம், நீ அனுப்பிய கம்ப்யூட்டர் அதைவிடச் சுகம். சுகமில்லாதவன் நான் ஒருவன்தான். போனில் சொன்னால் சிரிப்பாய் என்றுதான் கடிதம் எழுதுகிறேன். இதைப் படித்துச் சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

விஷயம் இதுதான். அந்தக் கம்ப்யூட்டரில் பிள்ளை ஒரு படம் பண்ணுகிறாள். கேமரா கிடையாது, நடிக்க ஆள் கிடையாது. கடலுக்கடியில் ஒரு முத்துச்சிப்பி வாய் திறக்கிறது, அவ்வளவுதான் கதை. சிப்பியை அவள் வரைந்து வைத்துவிடுகிறாள். வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே விழும் என்று கணக்குப் போட்டு, நிஜம்போல வேகவைத்து எடுப்பது ரெண்டரிங் சாஃப்ட்வேராம். பெரிய பெரிய சினிமாக் கம்பெனிகள் வைத்திருப்பதே இதுதானாம். அதை இவளுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறான் அமெரிக்காவில் முகம் தெரியாத ஒரு மகராசன். ஒரே நிபந்தனை, அதில் செய்ததை வைத்துக் காசு பார்க்கக் கூடாது. படம் பாதி முடிந்திருக்கிறது, மீதி வெந்துகொண்டிருக்கிறது. முழுசாக அனுப்பினால்தான் ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி பார்த்துவிட்டு வேலை தருமாம். நடுவில் சாஃப்ட்வேரைப் பிடுங்கிக்கொண்டால் பிள்ளை பட்ட பாடெல்லாம் போச்சு.

நான் துறைமுக ஆபீசில் ஃபைல் பார்த்தே தலை நரைத்தவன். விதிமுறை என்றால் விதிமுறை. பக்கத்து வீட்டு இனிகோ, படத்தின் மூலையில் மேலே மிதக்கிற படகு தன் வள்ளம்தான் என்று சந்தோஷப்பட்டு ஒரு பெட்டி மக்ரூன் மிட்டாய் கொண்டுவந்தான். வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். "ஏன் அண்ணாச்சி, மக்ரூனுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்றான். "இன்னைக்கு மக்ரூன், நாளைக்கு ரொக்கம், இப்படித்தாம்ல ஆரம்பிக்கும்" என்றேன். உன் அக்கா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அவளுக்கு மக்ரூன் பிடிக்கும்.

இப்படிக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவனுக்கு என்ன நடந்தது தெரியுமா? நேற்று ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. அவரவர் முதற்பலனைக் காணிக்கையாகப் படைப்பதும், ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவதும் உனக்குத் தெரியாததா? வாழைத்தார் இல்லை, சேவல் இல்லை, நம் வீட்டில் என்ன விளைகிறது? உன் அக்கா யோசித்திருக்கிறாள், "எம் பிள்ளைக்கு மொதல்ல விளைஞ்சது அந்தப் படந்தானே" என்று. மேசை டிராயரில் கிடந்த பென் டிரைவை எடுத்து, தனியாக வைத்தால் தொலைந்துபோகும் என்று ஒரு பூசணிக்காயோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காணிக்கை மேசையில் வைத்துவிட்டாள்.

ஏலம் விட்டவன் ஜெஸ்டின். அவன் தொண்டைக்கு மைக் வேண்டாம். "நம்ம ஈவாஞ்சலின் பண்ணுன சினிமாப் படம்! கூட ஒரு பூசணிக்கா! யாரு கேக்கிய?" என்றானே பார்க்கலாம், நான் "நிறுத்துலே!" என்று கையைத் தூக்கினேன், "தேவபிரசாதம் அண்ணாச்சி கேட்டாச்சு!" என்கிறான், பின்னால் கல்யாண வீடியோ ஸ்டுடியோக்காரன் சிவபாலன் நின்றுகொண்டிருந்தான், ஜெஸ்டினின் கூட்டாளி, வேடிக்கை பார்க்க வந்தவன், அவன் மேலே கேட்கிறான், கூடாது கூடாது என்று நான் இரண்டு கையையும் ஆட்டுகிறேன், "அண்ணாச்சி ரெட்டிப்பாக் கேக்காக!" என்று ஜெஸ்டின் கத்துகிறான், சபை கை தட்டுகிறது, பிரசங்கம் பண்ணிய ஐயர் வேறு முன்வரிசையிலிருந்து "அப்பான்னா இப்படில்லா இருக்கணும்" என்கிறார். அதற்குள் சிவபாலன், "எனக்குக் கெடச்சா ஸ்டுடியோ டிவியில நாள் பூரா ஓட்டுவேன், கூட்டம் வரும்லா" என்றான். கடையில் ஓட்டினால் அது வியாபாரம்தானே! இனித் தடுக்க ஒரே வழி நானே வாங்குவதுதான் என்று, இந்தத் தடவை மனசாரவே கையைத் தூக்கினேன். மூன்று தரம் சொல்லிவிட்டான். பெற்ற பிள்ளையின் படத்தை ஏலத்தில் எடுத்து, பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வழியில்தான் உறைத்தது. விற்றது உன் அக்கா, வாங்கியது நான், ஆக வியாபாரம் நடந்தேவிட்டது. சாட்சி சபை முழுக்க. பிள்ளையிடம் சொன்னால், "யப்பா, நம்ம கோயில் ஏலம் அமெரிக்கா வரைக்கும் கேட்டுச்சாக்கும்?" என்று சிரிக்கிறாள். "கேக்கலன்னா தப்பு இல்லன்னு ஆயிருமா, ஏளா?" என்றேன். உன் அக்கா பூசணிக்காய்க் குழம்பை ஊற்றி, "சாட்சிய வெட்டிக் கொழம்பு வச்சாச்சு, சாப்பிடுங்க" என்கிறாள்.

நீ சிரிக்காதே, நேசக்குமார். எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை ஆசைப்பட்டதை நான் ஒன்றும் பெரிதாக வாங்கிக் கொடுத்ததில்லை. கம்ப்யூட்டர் நீ கொடுத்தாய், சாஃப்ட்வேர் எவனோ கொடுத்தான். அதை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை. உனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். அந்தச் சாஃப்ட்வேர்க் கம்பெனிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு. பிள்ளைக்கு இதில் சம்பந்தமில்லை, தாய் தகப்பன்தான் புத்தியில்லாதவர்கள் என்று அழுத்தமாக எழுது. என்னைப் பற்றி ஒரு வரி போதும், உன் அக்காவைப் பற்றித் தாராளமாக எழுதலாம்.

கர்த்தர் உங்களைக் கண்மணிபோலக் காப்பாராக. ஷெர்லிக்கு அன்பும், பிள்ளைகளுக்கு முத்தமும்.

உன் அத்தான்,
தே. தேவபிரசாதம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஈவாஞ்சலின் அந்தப் பென் டிரைவைப் போட்டுக் காட்டினாள். உள்ளே சிப்பி இல்லை. நீ இருக்கிறாய். கோட்டும் மாலையுமாக, கேக்கை எந்தப் பக்கம் வெட்டுவதென்று தெரியாமல் முழிக்கிறாய். உன் அக்கா பூசணிக்காயோடு கட்டியது உன் கல்யாண வீடியோவை! ஆகவே குற்றம் நடக்கவில்லை, மன்னிப்புக் கடிதம் வேண்டாம். அப்புறம் பிள்ளை தன் படத்தையும் போட்டாள். இத்தனை நாள் விதிமுறையைப் படித்தேனே தவிர நான் படத்தைப் பார்க்கவே இல்லை. நம்ம ஊர் வெயில் அப்படியே தண்ணீருக்குள் இறங்கி வருகிறது, மச்சான். அழுதுவிட்டேன். சிப்பி இன்னும் வாய் திறக்கவில்லை, மீதி வெந்தால்தான் திறக்குமாம். கம்ப்யூட்டர் சூடாகாமல் இருக்க டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வேர்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

ஏலப் பணத்தை நீதான் அனுப்ப வேண்டும். உன் படத்தை வைத்துக் காசு பார்க்க நிபந்தனை ஒன்றும் கிடையாது, சிவபாலனும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.