காலுக்குக் காது உண்டா, மச்சான்?

மரியாதைக்குரிய மச்சான் கண்ணாயிரம் அவர்களுக்கு,

மரக்காணத்திலிருந்து முருகையன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை அம்சவல்லி, மகள் பொன்னி மூவரும் சௌக்கியம். அடிக்கிற வெயிலுக்கு உப்பும் சௌக்கியம். இடையஞ்சாவடியில் நீங்கள், அக்கா, புதிதாக வாங்கிய எருமை எல்லோரும் சௌக்கியமா என்று தெரியப்படுத்தவும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பேசி முடித்து, வைத்தும் விடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதே.

விஷயம் பொன்னியின் கால். அவளுக்குப் பெருமூளை வாதம். தளர்ந்துகொள் என்று மூளையிலிருந்து வரவேண்டிய தகவல் சரியாக வராமல், கெண்டைச்சதை இறுகிக் குதிகால் தூக்கியே நிற்கிறது. வருகிற வியாழக்கிழமை வானூரில் தெரபி பார்க்கிற சரண்யா மேடம் அளவெடுப்பார்கள். குதிகால் இறங்கினால் காலின் அளவுக்கு உறை மாதிரி பிளாஸ்டிக் அச்சு செய்து தருவார்கள், மாட்டிக்கொண்டு நிற்கப் பழகலாம். இறங்காவிட்டால் மறுபடியும் மாவுக்கட்டு. போன கோடையில் கட்டுக்குள் அரிப்பெடுத்துப் பிள்ளை ராத்திரியெல்லாம் அழுதாள். நீங்களோ ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்க் கட்டு வைத்தியரோடு வருகிறேன், ஒரே இழுப்பில் நீட்டிவிடுவார் என்கிறீர்கள்.

இழுப்பெல்லாம் நான் பார்த்தாச்சு மச்சான். முதல் நாள் இழுத்தேன், கால் என்னைத் திருப்பி இழுத்தது. மேடத்திடம் சொன்னேன். "அண்ணா, இழுக்கவே கூடாதுங்க. குதிகாலைக் கையில ஏந்திக்கினு, பாதத்தை உங்க முன்னங்கையில வச்சு மெதுவா சாஞ்சு குடுங்க. முப்பது எண்ற வரைக்கும் அப்படியே இருங்க. வலிக்குதுன்னா விட்டுடுங்க" என்றார்கள். எண்ணுவதுதானே நம்ம தொழில் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். உப்பளத்தில் கூடை எண்ணும்போது ஒன்று என்று யார் சொல்கிறோம்? லாபம் என்றுதானே ஆரம்பிப்போம், அதுவும் கடல்காற்றைத் தாண்டிக் கேட்கிற மாதிரி. அதே குரலில் "லாபம்!" என்றேன். கால் கடப்பாரையாக விறைத்தது. "ரெண்டு!" இன்னும் விறைத்தது. சத்தம் கேட்டு, என்னோடு உப்பு வாருகிற பக்கத்து வீட்டுப் பாவாடை அண்ணன், "ஏம்பா, வண்டி வந்துடுச்சா? எத்தினி கூடை?" என்று தலையில் சும்மாட்டோடு உள்ளே வந்துவிட்டார். பொன்னி விழுந்து விழுந்து சிரித்தாள், சிரிப்பில் அடுத்த காலும் இறுகிக்கொண்டது.

ஏன் இப்படி என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காற்று காரணமோ என்று பாயை மூலைக்கு மாற்றினேன், அங்கே எறும்பு. குளிர் காரணமோ என்று வெந்நீர் ஒத்தடம் கொடுக்கப் போய்ப் பாயெல்லாம் ஈரம், அம்சவல்லியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். எண்ணெய் தடவினேன், பாதம் வழுக்கி என் மூக்கில் உதைத்தது. அப்புறம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் முணுமுணுத்து எண்ணினேன், கால் மெல்ல மெல்ல இளகியது மச்சான்! மேடத்தைக் கேட்டால், திடீர்ச் சத்தம் கேட்டால் இந்தப் பிள்ளைகளுக்குச் சதை இறுகும் என்கிறார்கள். அப்படியானால் காலுக்குக் காது உண்டா? என் கால் எதைக் கேட்டு நடக்கிறது என்று இத்தனை வருஷத்தில் நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

இப்போது தினமும் விடியலுக்கு முன்னே போய் உப்பு வாரிவிட்டு வந்து, மதியம் கஞ்சி குடித்த கையோடு உட்கார்ந்துவிடுகிறேன். முப்பது வரை முணுமுணுப்பாக எண்ணுகிறேன். இதில் கவனம்தான் முக்கியம், கண்ணைக்கூட இமைப்பதில்லை. அம்சவல்லி அந்தப் பக்கம் வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போகிறாள், என் திறமையைப் பார்த்துப் பொறாமை. குதிகால் ஏறக்குறைய தரையைத் தொடுகிறது! ஆகையால் கட்டு வைத்தியர் வேண்டவே வேண்டாம்.

உங்கள் வீட்டில் பாலும் எங்கள் பாத்தியில் உப்பும் குறையாமலிருக்க மாரியம்மன் துணை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்
முருகையன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதைப் பொன்னிக்குப் படித்துக் காட்டினேன். முப்பது என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்: "நீ எங்கப்பா முப்பது எண்ற? பாதியிலயே தூங்கிடற. என் காலுமேலயே சாஞ்சிக்கினு குறட்டை வுடற. எழுந்துடப் போறியேன்னு நான் ஆடாம படுத்துக்கினு இருக்கேன்." உங்கள் தங்கைக்கும் இது முதலிலிருந்தே தெரியுமாம். ஆகவே மேலே என் கவனம், திறமை என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். குதிகால் இறங்கியது மட்டும் நிஜம். மேடத்திடம் நடந்ததைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மட்டும் வாருங்கள், ஆனால் மதியம் வந்தால் வாசலிலிருந்து கூப்பிடாதீர்கள். பிள்ளை என்னைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பாள்.