கூடைக்குள் கூடை

கெட்டதைச் சரிசெய்கிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி நமக்குப் பேச்சில்லை, நன்றாயிருக்கட்டும். நான் சொல்ல வருவது நன்றாக இருப்பதைச் சரிசெய்கிறவர்களைப் பற்றி. இவர்களைச் சின்னவேலைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். எதைத் தொட்டாலும் “இதில ஒரு சின்ன வேலை இருக்கு” என்றுதான் தொடங்குவார்கள். பாடிக்கொண்டிருக்கிற வானொலியைத் திறந்து பார்ப்பவர், ஒழுகாத குழாயை இன்னும் ஒரு சுற்று இறுக்கி ஒழுகவைப்பவர், இறக்கி மூடிய குழம்பைத் திறந்து ஒரு சிட்டிகை உப்புப் போடுபவர், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் வேட்டியைச் சீர்பண்ணப் போய் அவிழ்த்துவிடுபவர், எல்லாரும் இந்தக் குடும்பந்தான். உங்கள் வீட்டில் ஒருவர்கூட இல்லை என்று சத்தியம் பண்ணுவீர்களா?

பாவம், இவர்களுக்கு நெடுங்காலம் ஒரு குறை இருந்தது. வானொலியைக் கெடுத்தால் வீட்டில் ஏச்சு. குழாயைக் கெடுத்தால் ஊரில் ஏச்சு. மனம்போலக் கழற்றிப் பூட்ட ஒரு சாமான் அகப்படவில்லை. இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டியதும் அதுவும் தீர்ந்தது. கண்காணாத நாடுகளில் சில நல்ல மனிதர்கள் கூடி, கணினியில் நிரல் எழுதிப் பழக ஒரு மென்பொருளைச் செய்து, காசு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள், திறந்து பாருங்கள், பிடிக்காததை மாற்றுங்கள் என்று இணையத்தில் வைத்துவிட்டார்கள். அதற்குள் எல்லாமே ஒரு பொருள். திரையில் ஓடும் கார் ஒரு பொருள், அழுத்துகிற பொத்தான் ஒரு பொருள், எங்காவது பிழை நேர்ந்தால் “பிழை” என்று அறிவிக்க வருகிற பெட்டியும் ஒரு பொருள். எதையும் பிடித்து வயிற்றைத் திறந்து மாற்றலாம். எப்போது? அது ஓடிக்கொண்டிருக்கும்போதே. பெரகலச் சந்தியிலிருந்து வளைந்து வளைந்து இறங்குகிற பஸ்ஸை நிறுத்தாமலே சில்லை மாற்றலாம் என்று சொன்னால், உங்களையும் என்னையும் போன்றவர்கள் மெதுவாக இறங்கிவிடுவோம். சின்னவேலைக்காரர் ஸ்பேனரைத் தேடுவார்.

மதுசூதனன் சேர் அப்படித் தேடியவர். யாழ்ப்பாணத்துக்காரர், ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியர், தங்கமான மனிதர். சனிக்கிழமைகளில் பதுளைக்குப் போய், இணையக் கடையில் பொறுமையாகக் குந்தியிருந்து, அந்த மென்பொருளை இறக்கிக் குறுந்தட்டில் போட்டுக் கொண்டுவந்தவரும் அவர்தான். அதை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் பிரசாந்தினி டீச்சர். பக்கத்துத் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்து, படித்து, அதே மலைக்கு ஆசிரியையாகத் திரும்பி வந்தவர். டீச்சரின் வகுப்பு அதில் ஒரு விளையாட்டுச் செய்திருந்தது. திரையில் தேயிலைச் செடி. கொழுந்தைச் சுட்டியால் பிடித்து இழுத்துக் கூடைக்குள் போட்டால் நிறை ஏறும். கூடை நிறைந்தால் ஒரு கங்காணி குடையோடு வந்து தலையாட்டிவிட்டுப் போவார். கங்காணியின் மீசையை வரைவதற்கு மட்டும் வகுப்பு ஒரு வாரம் சண்டை பிடித்தது.

டீச்சருக்கு ஒரேயொரு கவலை. பாடசாலையிலிருந்த ஐந்து கணினிகளும் இரவல். பிள்ளைகள் அவற்றைப் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கத் திங்கட்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறது. திருப்தி என்றால் கணினிகள் நிற்கும். இல்லாவிட்டால் அன்றைக்கே லொறியில் ஏறி மொனராகலைப் பக்கம் போய்விடும். அங்கேயும் ஒரு பாடசாலை காத்திருக்கிறது. விளையாட்டு நன்றாக ஓடியது. யாரும் எதையும் செய்யாமல் இருந்தால் போதும். ஆனால் சின்னவேலைக்காரரிடம் நீங்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், சும்மா இருக்க மட்டும் கேட்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் சேர் வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

“டீச்சர், இதில ஒரு சின்ன வேலை இருக்கு. பிழை வந்தால் அந்தப் பெட்டியில இங்கிலீசில எழுத்து வருது. பிள்ளையளுக்கு என்ன விளங்கும்? தமிழில மாத்திவிடுவம்.”

“பிழையே வராதுங்க சேர். புள்ளைங்க நல்லா பழகியிருக்குங்க. திங்கக்கெழமை முடியட்டும், அப்புறம் நீங்க என்ன வேணும்னாலும் பண்ணுங்க.”

“பொறுங்கோ. இந்தா, முடிஞ்சுது.”

முடியவில்லை என்று உங்களுக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரியும். முன்பு ஒருமுறை பொத்தான்களுக்கு ஓரம் கூராக இருக்கிறது, பிள்ளைகளின் கண்ணுக்கு ஆகாது என்று, எல்லாப் பொத்தான்களுக்கும் தாயான பொருளைப் பிடித்துக் கொஞ்சம் உருட்டிவிட்டார். தாயை உருட்டினால் பிள்ளைகள் சும்மா இருக்குமா? திரையில் இருந்த பொத்தான்கள் அத்தனையும் உருண்டு உருண்டு புள்ளியாகிப் போயின. திறந்த ஜன்னல்களை மூட வழியில்லாமல் வகுப்பு தவித்தது. அன்றிலிருந்து டீச்சர், நன்றாக ஓடுகிற பிரதி ஒன்றைக் குறுந்தட்டில் எடுத்து, கைப்பையில் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டு திரிந்தார்.

சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வைத்த தேத்தண்ணி ஆறியது. “இதை ஏன் இப்பிடி எழுதி வச்சிருக்கிறாங்கள்?” என்று கடல் கடந்த அந்த நல்ல மனிதர்களைத் திட்டினார். இன்னும் இரண்டு தரம் “முடிஞ்சுது” என்றார். பிறகு உண்மையிலேயே முடித்து, சேமித்து, மற்றக் கணினிகளிலும் அதையே ஏற்றிவிட்டு எழுந்தார்.

“சரியா வேலை செய்யுதான்னு பாத்தீங்களா சேர்?”

“எப்பிடிப் பாக்கிறது? பிழை வந்தால்தானே பெட்டி வரும். இதிலதான் பிழையே இல்லையே.”

நியாயமான பேச்சுத்தானே? ஆனால் டீச்சர் கைப்பைக்குள் குறுந்தட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்; விளையாட்டு ஓடுகிறதே என்று அப்போதைக்கு அப்படியே விட்டார்.

திங்கட்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து பலீல் சேர் வந்தார். லொறி கீழே பாதையில் நின்றது. பிள்ளைகள் கைகட்டி வரிசையாக நின்றார்கள். ஒரு சிறுமி கொழுந்தை இழுத்துக் கூடைக்குள் போட்டாள்; நிறை ஏறியது; கங்காணி வந்து தலையாட்டினார். பலீல் சேரும் கூடவே தலையாட்டினார்.

“மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு டீச்சர்.”

டீச்சருக்கு உயிர் வந்தது. இத்தோடு பலீல் சேர் எழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் கதிரையை முன்னுக்கு நகர்த்தினார்.

“சரி, இந்தக் கூடையத் தூக்கி இதே கூடைக்குள்ள போட்டா என்ன ஆகும்?”

வகுப்பே டீச்சரைப் பார்த்தது. அதைச் செய்யக் கூடாது என்பது ஒன்றுதான் டீச்சர் பிள்ளைகளுக்குப் போட்டிருந்த சட்டம். உலகத்தில் யாருக்கு இப்படியொரு கேள்வி தோன்றும்? ஒரேயோர் இனத்தாருக்குத்தான் தோன்றும். டீச்சர் “வேணாங்க சேர்” என்று வாயெடுப்பதற்குள் அவர் போட்டுவிட்டார்.

பிழை நேர்ந்தது. அதை அறிவிக்கப் பெட்டி வந்தது. வந்த பெட்டி மதுசூதனன் சேரின் தயவில் தமிழ் பேசப் பார்த்தது. அந்த மென்பொருளிடம் தமிழ் எழுத்தே கிடையாது. இல்லாத எழுத்தைத் தேடியது ஒரு பிழை. அந்தப் பிழையை அறிவிக்க இன்னொரு பெட்டி வந்தது. அதுவும் தமிழ் பேசப் பார்த்தது. அதற்கும் ஒரு பெட்டி. செடி மறைந்தது, கூடை மறைந்தது, கங்காணியின் மீசையும் மறைந்தது. திரை முழுக்க வெறும் பெட்டிகள், லயத்துக் காம்பராக்கள்போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வந்துகொண்டேயிருந்தன.

“வெள்ளிக்கிழமை வேலை செய்ததே,” என்றார் மதுசூதனன் சேர். இந்த இனத்தார் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான்.

“யாராச்சும் கை வெச்சீங்களா?” என்றார் பலீல் சேர்.

“நான் ஒண்டும் தொடேல்லை.” கொஞ்சம் பொறுத்து, “ஒண்டே ஒண்டு தொட்டனான்.” இன்னும் கொஞ்சம் பொறுத்து, “அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.”

டீச்சருக்கு அழுகை முட்டியது. பிள்ளைகள் மாதக்கணக்காகப் பாடுபட்டது மதுசூதனன் சேரால் லொறியில் ஏறப் போகிறதே என்று கோபம் கோபமாக வந்தது. கைப்பையைத் திறந்து குறுந்தட்டை வெளியே எடுத்தார்.

“பரவால்லங்க சேர், நல்லா ஓடுற காப்பி ஒண்ணு எங்கிட்ட இருக்கு. இப்பவே போட்டுக் காட்டுறேன்.”

யாருக்குக் காதில் விழுந்தது? பலீல் சேர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். சட்டைக் கையை மடித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“இது சின்ன வேல தான்,” என்றார்.

மதுசூதனன் சேரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிரிந்த தம்பியைக் கண்டவர்போல இருந்தார். இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். ஒருவர் ஒரு பொருளைத் திறந்தார். மற்றவர் அதன் தாயைத் திறந்தார். தேத்தண்ணி வந்து ஆறியது. கீழே லொறி ஹோர்ன் அடித்துப் பார்த்தது. பிள்ளைகளுக்கு மணி அடித்து, அவர்கள் வீட்டுக்கும் போய்விட்டார்கள். இப்போது பெட்டிகள் தலைகீழாக வந்துகொண்டிருந்தன. அதை முன்னேற்றம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

பொழுது சாயும்போது பலீல் சேர் எழுந்து முதுகை நிமிர்த்தினார்.

“டீச்சர், இத இந்த நெலமையில கொண்டு போய் இன்னொரு பள்ளிக்கூடத்துக்குக் குடுக்க ஏலுமா? ஏலாது. சரிவரும் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். லொறியப் போகச் சொல்லுங்க. நான் அடுத்த கெழமையும் வாரேன்.”

நன்றாக ஓடுகிற பிரதி டீச்சரின் கையில் இருந்தது. அதை மெதுவாகக் கைப்பைக்குள், சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே, திரும்ப வைத்தார்.

மறுநாள் நான்கு கணினிகளில் அந்தப் பிரதியை ஏற்றிக்கொண்டு பிள்ளைகள் படித்தார்கள். ஐந்தாவது இரண்டு பெரியவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. பலீல் சேர் வரும் நாட்களில் அதன் முன்னால் இரண்டு கதிரைகள் போடப்படும். பிழைப்பெட்டி இப்போது அழகான தமிழில் வருகிறதாம். கூடைதான் கொழுந்தை ஏற்க மாட்டேன் என்கிறதாம். அதுவும் சின்ன வேலைதானாம். மொனராகலைப் பாடசாலைக்காரர் இன்னும் காத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது டீச்சருக்கு மனம் உறுத்தும். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் எப்படி என்று தன்னையே கேட்டுக்கொண்டு பாடத்துக்குத் திரும்பிவிடுவார்.

இத்தனையும் வாசித்துச் சிரித்த நீங்கள் அந்த இனமில்லை. நிச்சயமாக இல்லை. ஆனால் பெட்டிகள் வந்துகொண்டேயிருந்த இடத்தில், தமிழ் எழுத்தை முதலில் ஏற்றியிருந்தால் சரிவந்திருக்குமே என்று மனதுக்குள் ஒரு வழி சொன்னீர்கள் அல்லவா? இரண்டாம் பந்தி கொஞ்சம் நீளம், எங்கே வெட்டலாம் என்றும் பார்த்துவைத்திருப்பீர்கள். பேனாவைக் கீழே வையுங்கள். இது எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது.