கிம் வீட்டில் சொல்லாமல் கிளம்பியது

எல்லாம் தெரிந்தவன் என்று நினைத்துக்கொள்கிறவன் அடிக்கிற கூத்துக்கு ஈடே கிடையாது. நான் அந்த ரகம்.

1997. டெக்சஸில், ரிச்சர்ட்சனில் வேலை. ஆபீஸில் பக்கத்து இருக்கை கிம், கொரியாக்காரர். அந்த வருஷம்தான் அவருடைய அப்பா ஊரில் காலமானார். க்ரீன் கார்டு பாதியில் நின்றதால் கிம்மால் போக முடியவில்லை. செப்டம்பரில் ஒரு நாள் வந்து, "செவ்வாய்க்கிழமை சூசோக். எங்கள் எட்டாம் மாதப் பௌர்ணமி. அப்பாவுக்குப் படைக்கிறேன். இங்கே எங்களுக்குச் சொந்தம் யாருமில்லை, நீ வா" என்றார்.

ஜனவரி ஒன்றுக்கு ஆபீஸே லீவு விடும், நிலாவைப் பார்த்து வருகிற பண்டிகைக்கெல்லாம் சொந்த லீவு போடவேண்டும் என்று அவர் புலம்புவார். எனக்குப் புரியாதா? (தீபாவளியன்று மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தவனாயிற்றே.) "எங்களுக்கும் திதி உண்டு" என்று தலையாட்டினேன். சூசோக் என்றால் அறுவடைப் பண்டிகை, நம் பொங்கல் மாதிரி என்பதைக் கேட்டுத் தொலைக்கவில்லை. நானாகவே முடிவு கட்டினேன்: தெவசம்.

ஷேவ் பண்ணாமல், வெளுத்த சட்டையில், வெறுங்கையோடு போனேன். கதவைத் திறந்த அவருடைய சின்னப் பெண் பட்டுப் பாவாடையில் ஜொலித்தாள். (குழந்தை, துக்கம் தெரியவில்லை என்று பரிதாபப்பட்டேன்.) அப்பாவின் போட்டோவுக்கு முன்னால் பேரிக்காய், மீன், பிறை மாதிரி பிடித்த கொழுக்கட்டை. கிம் நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. பிறகு படைத்ததை எல்லோருமாகச் சாப்பிட்டோம்.

துக்க வீட்டில் "போயிட்டு வரேன்" சொல்லக்கூடாதே! கிம்மும் மனைவியும் சமையலறைக்குள் போன சமயம் பார்த்து நழுவினேன். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

துவட்டுவதற்குள் வாசலில் கிம். கையில் எனக்காகக் கட்டிய கொழுக்கட்டை டப்பா. நான் எங்காவது மயங்கி விழுந்துவிட்டேனோ என்று பார்க்கிங் லாட் முழுக்கத் தேடியிருக்கிறார்.

"பண்டிகை நாளில் எங்கள் வீட்டில் என்ன தப்பு நடந்தது? அப்பாவுக்கென்று வந்த ஒரே விருந்தாளி நீ" என்றார்.

'வரேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும் என்று ஈரத் தலையோடு விளக்கினேன். உள்ளேயிருந்து என் மனைவி கலா, "அட மனுஷா! பண்டிகைக்குக் கூப்பிட்டா எழவு வீட்டுக்குப் போற மாதிரியா போயிட்டு வருவீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கிம் சிரிக்கவில்லை. டப்பாவை வைத்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் வேலை விஷயம் தவிர என்னோடு பேசவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறு வருஷம் என் அப்பா போனார். விசா சிக்கல், என்னாலும் ஊருக்குப் போக முடியவில்லை. கிம் வந்தார். ஷேவ் பண்ணாமல், வெளுத்த சட்டையில், வெறுங்கையோடு. ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினால் நாற்காலி காலி. சொல்லாமல் போயிருந்தார். அதுவரை அழாதவன் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினால், "என்ன, கிம் வீட்டுக்கா வந்தீங்க?" என்று கலா கிண்டல் பண்ணுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.